பெயரைத் தேடாதீர்கள், புல எண்ணைத் தேடுங்கள்

ஏர் பிடித்து வாழ்ந்த முன்னோரின் சுவடு தேடும் வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சொத்தில் பங்கு கேட்பது பற்றி வந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டோம். அவற்றுக்கு வக்கீலைப் பாருங்கள்.

என் தாத்தாவின் அப்பா திண்டிவனம் பக்கம் விவசாயம் பார்த்தவர். பெயர் மட்டும்தான் தெரியும். அதுவும் ஊரில் நாலு பேருக்கு இருந்த பெயர். எங்கே தொடங்குவது?
*வாசகர், செங்கல்பட்டு*

பெயரில் தொடங்காதீர்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். பங்காளி வீடுகளிலும் அதே பெயர் இருக்கும். அவர்களுக்கும் அவர்தானே தாத்தா! வருவாய்த் துறைக் கணக்கு ஆளைப் பின்தொடர்வதில்லை, வயலைப் பின்தொடர்கிறது. எந்த வயலுக்கு யார் தீர்வை (நிலவரி) கட்டுகிறார்கள் என்பதுதான் சர்க்காருக்கு வேண்டியிருந்தது. நீங்களும் வயலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும்.

முதலில் ஊருக்குப் போய், வயதான ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் குடும்பம் உழுத நிலத்தில் நில்லுங்கள். அது விற்றுப் போயிருந்தாலும் பரவாயில்லை. இன்றைய புல எண்ணை (சர்வே நம்பர்) கேட்டு வாங்கிக்கொண்டு, தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்த எண்ணுக்குரிய 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகச் சொல்லும் கணக்கு) புலப்படத்தையும் எடுங்கள். 'அ' பதிவேட்டில் 'பழைய புல எண்' என்று ஒரு பத்தி இருக்கும். அவசரத்தில் பலர் அதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய சாவியே அதுதான்.

1979-ல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் எல்லோரும் 'யு.டி.ஆர்.' என்று சொல்கிற வேலையில், பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. அதற்குப் பிறகும் உட்பிரிவுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. இன்றைக்கு 112/3பி2 என்றிருப்பது 1920-ல் வெறும் 87/2 ஆக இருந்திருக்கலாம். இன்றைய எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவேட்டைக் கேட்டால் 'அப்படி ஒரு எண்ணே இல்லை' என்று பதில் வரும். பாதித் தேடல்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

பழைய எண் கிடைத்ததும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய். 'என் முப்பாட்டனாரின் நிலம் எது?' என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கலாம், ஆராய்ச்சி செய்து சொல்லும்படி கேட்க முடியாது. 'இன்ன வட்டம், இன்ன எண்ணுள்ள இன்ன கிராமம், பழைய புல எண் 87/2-க்கு யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலும், செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலும்' என்று எழுதுங்கள். செட்டில்மெண்ட் பதிவேடு என்பது நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்தபோது எழுதியது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். 1993-க்கு முன் விழுப்புரம் மாவட்டமே கிடையாது, எல்லாம் தென்னாற்காடு. ஆகவே பழைய மாவட்டம், பழைய தாலுகா பெயரையும் மனுவில் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பட்டாவில் பெயர் இருப்பதால் அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்டாதீர்கள். இறந்து ஐம்பது வருஷம் ஆனவர் பெயரிலேயே தீர்வை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் ஏராளம். பெயர் மாற்றினால் செலவு, அலைச்சல், பங்காளிச் சண்டை. கர்ணமும் (ஊர்க் கணக்கர்) கேட்க மாட்டார். 'வகையறா' என்று முடியும் கூட்டுப் பட்டாக்களில் இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். 1975-க்கு முன் எதுவும் வரவில்லை. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாரும் பத்திரமே பதியவில்லை என்று அர்த்தமா?
*வாசகி, அவிநாசி*

இல்லை. கணினியில் ஏற்றியது பொதுவாக 1975-லிருந்து. சில அலுவலகங்களில் அதற்கு முந்தியதும் ஏறியிருக்கிறது. பத்திரப் பதிவு நம் பக்கம் 1860-களிலேயே வந்துவிட்டது. பழைய தொகுதிகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் காகிதமாக இருக்கின்றன. அவற்றுக்குக் கையால் தேடும் மனுக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளைத் தேடச் சொல்கிறீர்களோ அதற்கேற்பக் கட்டணம். அதனால் மொத்தமாக நூறு வருஷம் என்று கேட்காமல், வீட்டுக் கதைகளை வைத்து ஒரு பத்து வருஷத்தைக் குறிவைத்துக் கேளுங்கள்: பாட்டனார் இறந்தபின் பாகம் பிரித்த காலம், கிணறு வெட்டிய காலம், அத்தை கல்யாணம் நடந்த காலம் என்று.

அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் நகலெடுக்கப்படும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர் வரிசை. இரண்டாவது சொத்து வரிசை. பெயரை வைத்துத் தேட வழி இருக்கும் ஒரே அரசுக் கணக்கு அநேகமாக இந்த முதல் அட்டவணைதான். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி முதலாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்தபிறகு அதன் நகலையும் யாரும் கேட்கலாம். நான்காம் புத்தகம் மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்கே.

அலுவலக எல்லை மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். இன்றைக்கு உங்கள் ஊருக்கான அலுவலகம் பிற்காலத்தில் பிரிந்து வந்ததாக இருந்தால், 1930-ஆம் வருஷத் தொகுதி தாய் அலுவலகத்தில் இருக்கும். 'இங்கே இல்லை' என்று சொன்னால், 'அப்போது எந்த அலுவலகத்தின் எல்லையில் இருந்தது?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டே வெளியே வாருங்கள்.

கிடைத்த பத்திரத்தை முழுக்கப் படிக்க வேண்டும். 'பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' என்றிருந்தால் அப்பன் வழி வந்த நிலம். 'சுயார்ஜிதம்' என்றால் அவரே வாங்கியது. அப்போது அதற்கு முந்தைய கிரையப் பத்திரத்தின் எண்ணும் வருஷமும் உள்ளேயே இருக்கும், அதைப் பிடித்து இன்னொரு படி பின்னால் போகலாம். மைனருக்காகத் தாய் கையெழுத்திட்டிருந்தால், தகப்பன் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று ஊகிக்கலாம். சாட்சிகள் பெரும்பாலும் மாமன், மைத்துனன், பங்காளி, அடுத்த காட்டுக்காரர். நான்கெல்லையைப் படிப்பதில் ஒரு தடுமாற்றம் வரும். 'பெரியசாமி புஞ்சைக்கு மேற்கு' என்றால் பெரியசாமி மேற்கே இருக்கிறார் என்று பொருளில்லை. அவர் நிலத்துக்கு மேற்கே நம் நிலம் இருக்கிறது, அதாவது அவர் நமக்குக் கிழக்கே. இதைத் திருப்பிப் படித்துவிட்டுப் புலப்படத்தோடு பொருந்தவில்லை என்று முழிப்பவர்கள் பலர்.

அலுவலகம் தரும் நகலில் இருப்பது குமாஸ்தாவின் கையெழுத்து. உங்கள் முன்னோரின் கைநாட்டோ கையெழுத்தோ வேண்டுமென்றால் மூலப் பத்திரம் எந்தப் பங்காளி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுங்கள்.

அடமானம், போக்கியம், ஒத்தி என்று வரும் பத்திரங்களைத் தள்ளிவிடாதீர்கள். கிரையப் பத்திரம் நல்ல காலத்தைச் சொல்லும். அடமானம் கெட்ட காலத்தைச் சொல்லும். 1930-களில் விளைபொருள் விலை விழுந்தபோது கடனில் சிக்கிய குடும்பங்கள் கொஞ்சமல்ல. ராஜாஜி அரசு 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்ததே அதனால்தான். 1931-லிருந்து 1938-க்குள் ஒரே புலத்தின் மேல் இரண்டு மூன்று அடமானம் வரிசையாக விழுந்திருந்தால், அந்த வீட்டில் அப்போது என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

பரணில் கிடைத்த பத்திரத்தில் '12உ', 'ஷெயார்' என்றெல்லாம் இருக்கிறது. ஓலையில் எண்களே தெரியவில்லை. எப்படிப் படிப்பது?
*வாசகர், பழனி*

'12உ' என்பது பன்னிரண்டாம் தேதி. எண்ணுக்குப் பின்னால் வரும் அந்த 'உ' நாளைக் குறிக்கும் ௳ என்ற குறி. தமிழ் இரண்டும் (௨) 'உ' போலவே இருப்பதால் 122 என்று படித்துவிடுகிறார்கள். மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. மேற்படிக்கு ௸, அதை அச்சில் 'ஷெ' என்று போட்டார்கள். 'ஷெயார்' என்றால் மேற்படியார், அவ்வளவுதான். 'நெ' என்றால் நம்பர்.

எண்களில் ௧ 'க' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும் இருக்கும். பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲. பழைய முறையில் 1876 என்பதை ௲௮௱௭௰௬ என்று எழுதுவார்கள்: ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு. சுழியம் கிடையாது. பின்னங்கள்தான் தலைவலி. முக்கால், அரை, கால், அரைக்கால் வரை எளிது. வீசம் என்பது பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஏடு இற்றுப்போயிருந்தால் நீங்களே எண்ணெய் தடவ வேண்டாம். முதலில் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு மூன்று கணக்கு ஓடும். பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். தொடக்கம் ஜூலை 1. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 'தாது' என்றிருந்தால் 1876-ஆ, 1936-ஆ என்று தாளையும் நாணயத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். அணா, பைசாவில் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது.

எங்கள் கொள்ளுத்தாத்தா மூன்று வேலி வைத்திருந்தார் என்கிறார்கள். மாமா ஒருவர் 'முப்பது ஏக்கர்' என்கிறார். எது சரி?
*வாசகி, கும்பகோணம்*

ஏறக்குறைய இருபது ஏக்கர். ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். வேலிக்கு இருபது மா, ஒரு மாவுக்கு நூறு குழி. தஞ்சைக் குழி 12 அடிக்கு 12 அடி, ஆக மா என்பது 33 சென்ட். இந்தக் கணக்கைச் செங்கல்பட்டுப் பக்கம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே குழி 24 அடிக்கு 24 அடி, நூறு குழி ஒரு காணி, காணி 1.32 ஏக்கர். பெரும்பாலும் குடும்பக் கதையில் நிலம் வளர்ந்துகொண்டேதான் போகும். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதி வைக்காதீர்கள்.

எங்களுக்கு நிலமே இருந்ததில்லை. நன்னிலம் பக்கம் பண்ணையாளாக இருந்தவர்கள். பட்டா இல்லாதவர்களுக்கு வரலாறு இல்லையா?
*வாசகர், திருவாரூர்*

வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இது. மேலே நாங்கள் சொன்ன பதிவேடுகளெல்லாம் தீர்வை கட்டியவரின் பெயரைச் சொல்லும். நாற்று நட்டவர், அறுத்தவர் பெயரைச் சொல்லாது. அதனால் பாதை வேறு. ஆனால் பாதை இருக்கிறது.

குடியிருந்த மனையில் தொடங்குங்கள். 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாக்கப்பட்டது. உங்கள் தெருவுக்கு அப்படிப் பட்டா கிடைத்திருந்தால், அந்தக் கோப்பில் குடும்பத் தலைவர் பெயர், மனை இருந்த புல எண், நிலச் சொந்தக்காரர் பெயர் மூன்றும் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். எந்தப் பண்ணை என்று தெரிந்துவிட்டால் அந்தப் பண்ணையின் பதிவேடுகளை வைத்து, உங்கள் தாத்தா எந்த வயலில் வேலை செய்தார், எந்த வாய்க்கால் பாய்ந்தது என்பது வரை போகலாம்.

பண்ணையாளாக இல்லாமல் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுதவராக இருந்தால், 1969-ஆம் வருஷக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி எழுதப்பட்ட பதிவேட்டைக் கேளுங்கள். குத்தகைதாரர், சொந்தக்காரர், புல எண், பரப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் பதியாமல் விட்டவர்கள் நிறைய. பெயர் இல்லாததை வைத்து, உழவில்லை என்று சொல்லிவிட முடியாது. கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் அங்கேயே தனியாகக் குத்தகைக் கணக்கு இருக்கும். தஞ்சையில் அதுதான் பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது. தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் வெளியேற்றம், கூலி பற்றிய தகராறுகள் அதிகாரிகள் முன் போயிருக்கின்றன. குடும்பத்தில் 'கேஸ்' என்று ஒரு பேச்சு இருந்தால் அதைத் துருவுங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர், தொழில், ஊர் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டால் காட்டுவார்கள். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். சேர்க்கும் அன்று வாத்தியார் போட்ட தேதியாகவே அது பெரும்பாலும் இருக்கும். குடும்பம் எப்போதாவது கிறிஸ்தவ மதத்தைத் தழுவியிருந்தால், பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஊரும் சேர்ந்தே கிடைக்கும்.

நிலமே இருந்ததில்லை என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அன்றைய பறையர் மக்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்க அரசு ஆணை போட்டது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். முதல் பத்து ஆண்டு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. பழைய 'அ' பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ எழுதியிருக்கும். ஊரின் முழுப் பதிவேட்டையும் அந்தப் பத்திக்காகவே ஒருமுறை புரட்டுங்கள். இன்று வேறு யார் பெயரிலோ இருக்கும் புலத்துக்கு எதிரே உங்கள் பூட்டன் பெயர் இருக்கலாம்.

ஆண்கள் பெயர் எட்டுத் தலைமுறைக்குக் கிடைத்துவிட்டது. பாட்டிமார் பெயர் ஒன்றுகூட இல்லை.
*வாசகி, கோவை*

எட்டுத் தலைமுறைக்கும் ஆவணம் இருக்கிறதா, வாய்வழிதானா என்று முதலில் பிரித்து எழுதுங்கள். பாட்டிமார் விஷயத்துக்கு வருவோம்.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகள்களுக்கு இடமில்லை. ஆனால் விதவைத் தாய்க்கு ஜீவனாம்சம் எழுதும் பகுதி ஒன்று கடைசிப் பக்கங்களில் வரும். எந்த மகன் எத்தனை மூட்டை தானியம், என்ன ரொக்கம், எந்த அறை தர வேண்டும் என்று அதில் தாயின் பெயரோடு எழுதியிருப்பார்கள். சொத்து விவரப் பட்டியலுக்குத் தாவுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மகளுக்குக் கொடுத்த மஞ்சக்காணி, தானசெட்டில்மெண்ட் பத்திரங்கள் இன்னொரு வழி.

பெரிய திருப்பம் 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் சொத்தில் மகளுக்கும் பாத்தியம் வந்ததால், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க ஆரம்பித்தார்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளில்தான் ஒவ்வொருத்தியின் பெயரும், கணவர் பெயரும், வாழ்க்கைப்பட்ட ஊரும் முதல்முறையாக வரிசையாக வரும். 1956-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றில் 'விடுதலை' என்ற இனத்தை மட்டும் தேடுங்கள். அந்த ஊர்களுக்குப் போய் மறுபடி புல எண்ணில் தொடங்க வேண்டியதுதான்.

சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊருக்கு 1950-க்கு முந்தைய கணக்கே தாலுகா ஆபீசில் இல்லை என்கிறார்கள். உண்மையா?
*வாசகர், மானாமதுரை*

உண்மையாகவே இருக்கும். ஜமீன் ஊர்களில் குடியானவர் வரி கட்டியது ஜமீன்தாருக்கு. சர்க்காரிடம் தனித்தனிப் பெயர் கிடையாது. 1948-ஆம் வருஷ எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் (26/1948) பிறகுதான் அங்கே அளந்து, சர்க்காருக்கே நேராகத் தீர்வை கட்டும் ரயத்துவாரிப் பட்டா கொடுத்தார்கள். அந்த செட்டில்மெண்ட் பதிவேடுதான் உங்களுக்கு முதல் படி. அதற்கு முன்னே போக, ஜமீன் கச்சேரிக் கணக்குகளும், குடிகள் எழுதிக் கொடுத்த முச்சலிக்கா என்னும் ஒப்புதல் பத்திரங்களும், 1908-ஆம் வருஷ எஸ்டேட் நிலச் சட்டப்படி நடந்த வார பாக்கி வழக்குகளும் உண்டு. பத்திரப் பதிவு மட்டும் ஜமீன் ஊர், ரயத்துவாரி ஊர் என்று பார்க்கவில்லை. அதனால் உங்கள் ஊருக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரம் கிடைக்க நல்ல வாய்ப்பு.

குடும்பத்துக்கு மானியம் (தீர்வை இல்லாமலோ குறைத்தோ விட்ட நிலம்) இருந்ததாகச் சொன்னால், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைப் பாருங்கள். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதியது. அனுபவிப்பவர் பெயர், வயது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது வரை அதில் உண்டு. கோயில், பிராமணர் மானியம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தச்சர், கொல்லர், நாவிதர், வெட்டியான், தலையாரி மானியங்களும் உண்டு. காப்பகத்துக்குப் போகும்முன் மாவட்டம், தாலுகா, கிராமத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அன்றைய பொழுது பெயர் தேடுவதிலேயே போய்விடும்.

பாட்டனாரின் தம்பி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கண்டுபிடிக்க முடியுமா?
*வாசகர், வேலூர்*

உள்ளூரில் இருந்துவிட்ட அண்ணனை விடக் கப்பலேறிய தம்பியைக் கண்டுபிடிப்பது எளிது. வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

எழுத்துக்கூட்டல் குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. முனுசாமியை நாலு விதமாகத் தேட வேண்டும். பெயரை விடக் கிராமத்தையும் தகப்பன் பெயரையும் சேர்த்துத் தேடுவது பலன் தரும். 'வட ஆற்காடு' என்று போட்டிருந்தால் அது வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் என்று முடிவு செய்யாதீர்கள். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை இன்றைய ஆந்திர ஊர்கள் பலவும் வட ஆற்காடுதான். சிலர் பெயரை மாற்றிக் கொடுத்தும் கப்பல் ஏறியிருக்கிறார்கள். வயதும் ஊரும் பொருந்தி, பெயர் மட்டும் இடித்தால் உடனே தள்ளிவிடாதீர்கள்.

குலவரலாறு எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா?
*வாசகர், சேலம்*

எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று நகலோடு தந்தால் கட்டுங்கள். சோழர் படைத்தளபதியில் தொடங்கி உங்கள் அப்பாவில் முடியும் அட்டவணை என்றால் வேண்டாம்.

அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்த் தலைக்கட்டு வரி நோட்டைக் கேளுங்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், ஊர், கட்டிய தொகை. ஒரு வருஷ நோட்டில் இல்லாத பெயர் அடுத்த நோட்டில் வந்திருந்தால் அந்த இடைவெளியில் கல்யாணம். காணாமல் போனால் சாவு அல்லது ஊர் மாற்றம். தூரத்து ஊரில் குடியேறிய கிளைகள் தெரியவரும் இடமும் அதுதான். பூசாரி வீட்டிலும், பழைய தர்மகர்த்தா வீட்டிலும் கேளுங்கள். பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டபோது, ஒப்படைத்தது போக மிச்சக் கணக்குகள் சில வீடுகளிலேயே தங்கிவிட்டன. கர்ணம் வீட்டையும் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள்.

பெயரும் பரப்பும் கிடைத்துவிட்டது. அவர்கள் என்ன பயிர் செய்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
*வாசகி, மதுரை*

'அ' பதிவேட்டையே இன்னொரு முறை எடுங்கள். நன்செய்யா புன்செய்யா, 'மண் வயனமும் ரகமும்', தரம், தீர்வை என்று பத்திகள் இருக்கின்றன. மண் எண் 7, 8 என்று தொடங்கினால் செம்மண் வகை. தரம் எண் கூடக் கூட நிலம் மட்டம், தீர்வையும் குறைவு. ஒரே ஊரில் பங்காளிகள் இருவரின் தரத்தை ஒப்பிட்டால், பாகப் பிரிவினையில் யாருக்கு வாய்க்கால் ஓரம், யாருக்கு மேட்டுக் காடு கிடைத்தது என்று தெரிந்துவிடும். ஐந்து ஏக்கர் மேட்டுக் காட்டை விட ஒரு ஏக்கர் முதல் மடை வயல் பெரிய சொத்து.

எந்தப் பருவத்தில் என்ன பயிர், எந்தத் தண்ணீர் என்பது அடங்கலில், அதாவது கிராமக் கணக்கு இரண்டில் இருக்கும். பழைய அடங்கல்களை வைத்திருக்க மாட்டார்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்குப் பதில் உங்கள் ஊருக்கான செட்டில்மெண்ட் விவரக் குறிப்பைத் தேடுங்கள். கண்மாய், கிணறு, மண் பற்றி ஊர்வாரியாக எழுதியது. மாவட்ட அளவில் நெல்சன் 1868-லும் பிரான்சிஸ் 1906-லும் மதுரைக்கு எழுதிய மானுவலும் கெஜட்டியரும் இருக்கின்றன. சாகுபடி முறை, கூலி, 1876–78 தாது வருஷப் பஞ்சம் எல்லாம் வரும். அவை கலெக்டர் நாற்காலியிலிருந்து பார்த்தவை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

சில ஊர்களுக்கு அதிர்ஷ்டம் கூடுதல். 1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கடன், கூலி, சாப்பாடு பற்றி விசாரித்து எழுதச் செய்தார். தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகியவை அதில் அடக்கம். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்குத் தனித்தனி ஆய்வறிக்கை வந்தது. உங்கள் ஊர் அவற்றில் இல்லாவிட்டால், அதே மண், அதே பாசனம் உள்ள பக்கத்து ஊரின் அறிக்கையைப் படியுங்கள். ஆனால் அதில் உள்ளதை உங்கள் குடும்பக் குறிப்பில் சேர்க்கும்போது, இது இன்ன ஊரைப் பற்றியது என்று எழுதி வையுங்கள்.